வாளியிலும் இறங்கிய தண்ணீர்

காலை 7.10. ஓசூர் பேருந்து நிலையத்தில் பாகலூர் பேருந்தில் ஏறினேன். டிக்கெட் பதினைந்து ரூபாய். தூரம் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஏப்ரல் மாத ஞாயிறு. அந்நேரத்துக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரன், வெயில் எனக்குப் புதிதல்ல. ஆனால் பதினாறு வருஷத்துக்கு முன் வேலைக்கு இங்கே வந்தபோது, வாடகை வீட்டில் மின்விசிறி மாட்டக் கொக்கிகூடக் கிடையாது. இந்த ஊருக்கு எதற்கு ஃபேன் என்று வீட்டுக்காரர் என்னைக் கேலி செய்தார். போன வருஷம் அதே மனிதர் தன் வீட்டில் ஏசி மாட்டினார்.

அவருடைய தம்பி முனிராஜின் தோட்டத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். தொழிற்சாலையில் எனக்குக் கூலிங் டவர் வேலை. இயந்திரங்களைச் சுற்றிவந்து சூடான தண்ணீரை உயரத்திலிருந்து கொட்டிக் குளிர வைப்போம். அதில் ஒரு பங்கு ஆவியாகப் போய்விடும். போன அளவுக்குப் புதுத் தண்ணீர் ஊற்றி, பதிவேட்டில் எழுத வேண்டும். முனிராஜின் குட்டை நிரம்பவே மாட்டேனென்கிறது, அடியில் விரித்த பிளாஸ்டிக் தாளில் ஓட்டை இருக்க வேண்டும், தண்ணீர் வேலைக்காரரான நீங்கள் கண்டுபிடித்துத் தரவேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? வருகிறேன் என்றுவிட்டேன்.

7.55. பாகலூர். முனிராஜ் பைக்கோடு நின்றிருந்தார். டீக்கடையில் ஒருவரிடம் கன்னடம், இன்னொருவரிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ். ஓட்டை கிடைத்தால் ஒட்டிவிடலாம், ரோஜா பிழைத்துவிடும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். கிடைக்காவிட்டால் செடியை விட்டுவிட்டுத் தண்ணீரை லாரிக்குக் கொடுக்க வேண்டியதுதான். லாரிக்காரர் மாசக்கணக்காகக் கேட்கிறாராம்.

8.30. ஒன்றேகால் ஏக்கர் ரோஜா. நடுவே நூறடிக்கு நூறடிக் குட்டை. இந்தப் பக்கத்தில் பல தோட்டங்களில் இதுதான் ஏற்பாடு. ஆயிரத்து இருநூறு அடி ஆழ போர், விட்டுவிட்டுத்தான் தண்ணீர் துப்பும். நேராகச் சொட்டுக் குழாயில் விட்டால் வெறும் காற்று வரும். அதனால் எடுத்ததையெல்லாம் குட்டையில் சேர்த்து, அங்கிருந்து செடிக்கு விடுகிறார்கள். பூமிக்குள் இருட்டில் கிடந்ததை வெளியே கொண்டுவந்து வெயிலுக்குமுன் விரித்து வைக்கிறார்கள். அன்றுதான் எனக்கு அது உறைத்தது.

முந்தின நாள் காலை ஒன்பது மணிக்கு மோட்டாரையும் சொட்டுநீரையும் நிறுத்தி, தண்ணீர் மட்டத்தில் கம்பத்தில் ஓர் ஆணி அடிக்கும்படி போனில் சொல்லியிருந்தேன். கூடவே ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, கோடு போட்டு, குட்டையின் ஓரத்திலேயே வைக்கவும் சொன்னேன். குட்டை மட்டும் இறங்கினால் ஓட்டை. இரண்டும் ஒரே அளவு இறங்கினால் வெயில்.

9.00. குட்டை ஆணியைவிட்டு ஒரு நெல்மணி நீளம் இறங்கியிருந்தது. வாளியிலும் அதே அளவு. இரண்டு தடவை குச்சி வைத்துப் பார்த்தேன்.

ஓட்டை இல்லை என்றேன். முனிராஜ் முகம் மலர்ந்துவிட்டது. பாவி மனுஷன், அதை நல்ல செய்தி என்று நினைத்தார்.

மோட்டாரைப் போட்டோம். அவர் மனைவி மஞ்சுளா களியும் கீரைக் குழம்பும் கொடுத்தார். முனிராஜ் மழையைப் பற்றிப் பேசினார். மழை வராமலில்லை, வந்தால் ஒரே கொட்டாகக் கொட்டிவிட்டுப் போகிறது, நாலே நாளில் மண் மறுபடி வெடிக்கிறது என்றார். போன ஆடியில் குட்டைமேல் நிழல்வலை கட்டியிருக்கிறார்கள். காற்று அதைக் கிழித்துப் பக்கத்துத் தோட்டத்தில் போட்டது. என் பதிவேட்டிலும் ஏப்ரல் பக்கங்கள் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டுதான் போகின்றன. அதை அவரிடம் சொல்லவில்லை.

2.30. தண்ணீர் ஆணியைத் தொட்டது. மோட்டார் ஓட்டும் மும்முனை மின்சாரம் தினமும் ஒன்பது மணிக்கு வந்து மூன்று மணிக்குப் போய்விடும். ஆக, ஒரு நாள் முழுக்க போர் கொடுப்பதில் அரைமணி நேரத் தண்ணீர்தான் ரோஜாவுக்கு, மற்றதெல்லாம் வானத்துக்கு. கணக்கு அவருக்கும் புரிந்துவிட்டது. கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டை மேலதான் இருக்குதுங்ளாண்ணா" என்றார். "அத எப்படி ஒட்டறது?"

பாதிச் செடியையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். சும்மா வெயிலுக்குப் போவதைவிட யாருக்காவது உபயோகமாகட்டும் என்ற முனிராஜ் லாரிக்காரருக்குப் போன் போட்டார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது என் சோதனை. மஞ்சுளா என்னைப் பார்க்காமல் செடிகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாளைக்கு விரியற மொக்கு இருக்குது. அதுங்களுக்கு யாருங்க சொல்றது?"

4.40. லாரி வந்து குழாயைக் குட்டையில் இறக்கியது. பேருந்துக்கு நேரமிருந்ததால் ஓட்டுநர் என்னையும் ஏற்றிக்கொண்டார். எங்கே இறங்கணும் என்றவரிடம், சிப்காட் தொழிற்பேட்டை, வீடு அந்தப் பக்கம்தான் என்றேன். அங்கேதான் லோடு என்று சிரித்தார். கம்பெனிப் பெயரைச் சொன்னார். என் கம்பெனி.

5.50. காவலாளி எனக்கு வணக்கம் வைத்து, லாரிக்குக் கேட்டைத் திறந்துவிட்டார். லீவு நாளில் நான் ஏன் உள்ளே போனேனோ தெரியவில்லை. முனிராஜின் தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம் அடங்கும்வரை நின்றேன். டவர் உச்சியில் வெள்ளையாக ஆவி போய்க்கொண்டிருந்தது. சாத்தூரில் கிணறு வற்றினால் வானத்தைத் திட்டுவோம். இங்கே யாரைத் திட்ட, நான்தானே வால்வு திறப்பவன்.

அப்போது முனிராஜிடமிருந்து போன் வந்தது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தேனா என்று கேட்டார்.

"நம்ம தண்ணி எதுக்குப் போச்சாம்ணா? டிரைவர் ஏதாச்சும் சொன்னாரா?"

ஏதோ கம்பெனிக்காம் என்றேன்.

"அது போதும்ணா. வீணாப் போகல."