வெள்ளை யூனிபோமில் ஒரு கறை

கொரோனா ஊரடங்குக் காலம். மாத்தளையில் என் வீட்டிலிருந்தபடி, மருத்துவமாது பயிற்சி மாணவிகளுக்கு இணையவழியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எல்கடுவ தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் சிக்னல் கிடைக்காது. அதனால் அங்கே வசிக்கும் என் மாணவி ரேவதி, தேயிலை மலைமேல் ஏறித்தான் வகுப்பில் சேருவாள்.

அன்று ஃபோனைக் கல்லில் சாய்த்து வைத்துவிட்டு, கர்ப்பிணியின் வயிற்றில் குழந்தையின் தலையை எப்படித் தடவிப் பார்ப்பதென்று தலையணையில் செய்து காட்டினாள். கை அவ்வளவு பதமாக நகர்ந்தது.

வகுப்பைக் கவனிக்க இணைந்திருந்த மேலதிகாரியின் குரல் குறுக்கே வந்தது.

"அது என்ன யூனிபோம்ல கறை?"

"அட்டை கடிச்சிருச்சு மேடம். ரத்தம் நிக்கல."

"இப்படியா வகுப்புக்கு வாறது? மிஸ், இந்தப் புள்ளைக்கு இன்னைக்கு வரவு போடாதீங்க."

ரேவதி தலையணையை மடியோடு இறுக்கிக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்குப் பிரசவம் பார்க்கப்போகிறவளுக்கு இரத்தக் கறையா குற்றம்?

"வரவு போட்டாச்சு மேடம்," என்றேன். "வேணும்னா என் மேல புகார் எழுதுங்க."

எழுதினார். என்னிடம் விளக்கமும் கேட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் கொதிக்கிறது. அட்டைக்கடியோடு மலையேறி வந்தவள் எல்லோருக்கும் முகம் காட்டி நின்றாள். அவளிடம் சுத்தம் பார்த்தவர், வகுப்பு முடியும்வரை தன் கேமராவைத் திறக்கவே இல்லை.