சைனீஸ் கடையில் நான் அடித்த அடி

கம்பத்தில் நான் ஜீப் ஓட்டிய காலம் அது. ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மலைக்குப் போவேன். சாயங்காலம் நாலரைக்குள் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடுவேன். எனக்கு இருபத்தாறு வயது. கை நீட்டுவதை ஒரு தகுதியாகவே நினைத்திருந்தேன். ஸ்டாண்டில் என்னோடு வம்பு வைத்துக்கொள்ள எல்லோரும் யோசிப்பார்கள்.

என் தங்கை பி.காம். முடித்துவிட்டு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தாள். நான் வீட்டுக்குள் நுழைந்தால் சாப்பிடும் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் வண்டியை நிறுத்தி இறங்கும்போது இன்னொரு டிரைவர் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"ஏலே, ஒந்தங்கச்சி அங்கன சைனீஸ் கடையில ஒரு பயலோட உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கு. ஒனக்குத் தெரியாதாக்கும்."

சொன்ன சேதியைவிட அந்தச் சிரிப்புத்தான் என்னை ஓட வைத்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் தகரம் வேய்ந்த சின்னக் கடை அது. போர்டில் சிவப்பு டிராகன் என்று வரைந்திருந்தது பாம்புக்குக் கால் முளைத்ததுபோல இருக்கும். வாசலிலேயே அடுப்பு. மாஸ்டர் மலைக்கு அந்தப் பக்கம் கட்டப்பனையிலிருந்து வந்த மலையாளி. இரும்புச் சட்டியை அவர் எத்தி எத்திப் புரட்டும்போது தீ முகம் வரைக்கும் எழும்பும். முட்டை நூடுல்ஸ் தின்ன நானும் பலமுறை போயிருக்கிறேன். என்னை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"வா ஜீப்பு," என்றார் அன்றைக்கும். நான் நிற்கவில்லை.

கடைசி மேசையில் இருந்தாள். முள்கரண்டியில் சுற்றிய நூடுல்ஸ் வாய்க்குப் போகுமுன் நழுவி விழ, எதிரில் இருந்த பையன் ஏதோ சொல்ல, அவள் தலையைச் சாய்த்துச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கையை முழுசாக ஓங்கி அந்த முகத்தின் இடப்பக்கம் அறைந்தேன். நாற்காலியோடு சரிந்து விழுந்தாள்.

"அண்ணே, இருங்கண்ணே. பேசிக்கிருவோம்," என்று எழுந்தான் அந்தப் பையன்.

மேசையில் இருந்த சில்வர் ஜக்கை எடுத்து அவன் மூக்கில் அடித்தேன். எலும்பு நொறுங்கியது கைக்குத் தெரிந்தது. ரத்தம் அவன் தட்டில் கொட்டியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். தங்கையின் சடையைக் கையில் சுற்றி வாசல்பக்கம் இழுத்தேன். மேசைக்கால், நாற்காலி என்று கிடைத்ததையெல்லாம் பிடித்துக்கொண்டே வந்தாள். அழவில்லை. "விடு," என்று மட்டும் சொன்னாள். மறுபடியும் அடித்தேன்.

எல்லா மேசையிலும் வினிகரில் பச்சைமிளகாயை நறுக்கிப் போட்டு ஒரு கிண்ணம் இருக்கும். எட்டி அதை எடுத்து என் கண்ணில் வீசினாள்.

கண்ணுக்குள் தீ வைத்ததுபோல இருந்தது. கத்திக்கொண்டே கையைக் காற்றில் வீசினேன். யாரோ என் தோளைப் பிடித்தார்கள். யாரென்று தெரியாமலே முழு பலத்தோடு தள்ளினேன். அது மாஸ்டர். காலிபிளவர் பொரித்துக்கொண்டிருந்தவர் அடுப்பை விட்டுவிட்டு விலக்க வந்திருக்கிறார். அடுப்பின்மேல் போய் மோதினார். எண்ணெய்ச்சட்டி அவர் கால்மேல் கவிழ்ந்தது.

நான் அதைப் பார்க்கவில்லை, கேட்டேன். அவர் "அம்மே" என்று ஒரே ஒருமுறை கத்தினார். பிறகு குரலே வரவில்லை.

என் ஜீப்பில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வேறொரு டிரைவர் ஓட்டினான். மூக்கில் துணியை அழுத்திக்கொண்டு அந்தப் பையன் மாஸ்டரின் தலையை மடியில் வைத்திருந்தான். தங்கை அவர் காலில் துணி படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். கண் திறக்க முடியாமல் மூலையில் கிடந்தேன். கருகின தோலின் வாடையில் எனக்கு வாந்தி வந்தது.

ஆஸ்பத்திரியில் என் கண்ணைக் கழுவிவிட்டார்கள். தங்கையின் காதில் விளக்கு அடித்துப் பார்த்த டாக்டர் ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார். அப்பா திராட்சைத் தோட்டத்திலிருந்து மருந்து அடித்த சட்டையோடு ஓடிவந்தார். போலீஸ்காரர் நோட்டைத் திறந்தபோது அப்பா தங்கையிடம் குனிந்து, "ஆத்தா, கால் வழுக்கி விழுந்தேன்னு சொல்லிரு," என்றார்.

அவள் எழுந்து நின்றாள்.

"எங்கண்ணன்தான் அடிச்சாக. இவுக மூக்க ஒடைச்சாக. மாஸ்டரப் புடிச்சுத் தள்ளுனதும் அவுகதான். எழுதிக்கங்க."

அத்தனைக்குப் பிறகும் 'அடிச்சாக' என்று மரியாதையாகவே சொன்னாள். அறையும் ஜக்கும் என் நினைவில் மங்கினாலும் அந்தச் சொல் மங்குவதில்லை.

பதினோரு நாள் ஜெயிலில் இருந்தேன். வெளியே வந்தபோது அவள் வீட்டில் இல்லை. அந்தப் பையனையே பதிவுத் திருமணம் செய்துகொண்டு தேனிக்குப் போய்விட்டாள். மாஸ்டர் இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தார். தினமும் போய் வராந்தாவில் உட்காருவேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று ஊன்றுகோலோடு வெளியே வந்தார். மன்னிப்புக் கேட்கக் கைகூப்பினேன். அந்தக் கோலாலேயே என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு, "வண்டி எடு. கட்டப்பனைக்குப் போகணும்," என்றார்.

மலை ஏறினோம். அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, மறுபடியும் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"எங்கிட்டச் சொல்ல வேண்டா," என்றார். "நான் அடிச்சிட்டேன், என் கணக்கு தீந்து. அந்தப் பெண்ணுகிட்டப் போய்ச் சொல்லு."

போவதற்கு எனக்கு இரண்டு வருடம் ஆனது. தேனியில் அவள் வீட்டுக் கதவைத் தட்டியபோது திறந்தவள் உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை வலது காதை என் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள்.

"கேட்டுக்கிட்டேன்," என்றாள். "இப்பப் போயிரு. அவுக வர்ற நேரம்."

வந்துவிட்டேன். அதன்பிறகு பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்கிறேன். எடுக்கிறாள்.