பல்லைப் பிடுங்க மறுத்த டாக்டர்

சில வருடங்களுக்கு முன், டெல்லி ஜனக்புரியில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. அந்தக் குளிர்காலம் முழுக்க என் கணவருக்குச் சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடிக்கும். மாத்திரை போட்டால் வியர்த்து விட்டுவிடும். மறுநாள் மறுபடி வரும். ஒரு டாக்டர் வைரல் என்றார். இன்னொருவர் டெல்லிக் காற்று என்றார். பேன்ட் இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டார். மெட்ரோ படிக்கட்டில் பாதியில் நின்று மூச்சு வாங்குவார். கான்ட்ராக்ட் வேலை, லீவு போட்டால் வேறு ஆளை வைத்துவிடுவார்கள் என்று இழுத்துப் பிடித்துப் போய்வந்தார். ஆபீஸ், பிள்ளையின் ஸ்கூல், சமையல், அவருக்குக் கஞ்சி என்று ஓடியதில் எனக்குக் கவலைப்படக்கூடத் தெம்பில்லை.

இதற்கு நடுவே அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று குடையத் தொடங்கியது. பக்கத்துக் காலனி சமுதாயக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசமாகப் பல் பார்ப்பார்கள். பிடுங்கிப் போட்டால் ஒரு தொல்லையாவது ஒழியும் என்று அவரை அழைத்துப் போனேன். பனியில் வெளியே வரிசை. எங்கள் முறை வருவதற்குள் அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார்.

ஸ்வெட்டருக்கு மேல் வெள்ளைக் கோட்டு போட்டிருந்த அந்தப் பெண் டாக்டரும் எங்களைப் போலவே களைத்துத்தான் இருந்தார். வாயைப் பார்த்தார். பிறகு, ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது, காய்ச்சல் வருகிறதா என்று ஹிந்தியில் கேட்டார். என் கணவரின் கையைத் திருப்பி நகங்களைப் பார்த்தார். நகத்தடியில் மெல்லிய சிவப்புக் கோடுகள். அதுவரை நான் கவனித்ததே இல்லை. சின்ன வயதில் மூட்டு வீங்கியதுண்டா என்று அடுத்த கேள்வி.

இவர் இல்லையென்று தலையாட்டினார். எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. "ஏங்க, ஸ்கூல் படிக்கும்போது மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து மாசாமாசம் ஊசி போட்டாங்கன்னு சொன்னீங்களே?"

"அது எந்தக் காலத்துக் கதை! பல்லுக்கும் அதுக்கும் என்ன?"

நான் டாக்டரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த கருவியை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். "ஆஜ் நஹீ நிகாலூங்கி." இன்று பிடுங்க மாட்டேன் என்கிறார்!

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வலியில் தூங்கவில்லை, எப்படியாவது எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். பின்னாலிருந்து ஒருவர், "ஜல்தி கரோ பையா", சீக்கிரம் முடியுங்கள் என்று சத்தம் போட்டார். டாக்டர் கோபப்படவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். சின்ன வயதுக் காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்திருக்கலாம். காய்ச்சலையும் இந்த நகக் கோடுகளையும் பார்த்தால், சொத்தைப் பல்லின் கிருமி இரத்தத்தில் கலந்து, அந்த வால்வில் போய் உட்கார்ந்திருக்குமோ என்று சந்தேகப்படுகிறேன். அதைப் பார்க்காமல் பல்லைப் பிடுங்கினால் இன்னும் கிருமி உள்ளே போகும். வீட்டுக்குப் போகாதீர்கள், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வரிசையை நிறுத்திவிட்டு, அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தன் தோழிக்கு அவரே போன் செய்தார். வாசல்வரை வந்து எங்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

அவர் பயந்தது சரிதான். இரத்தப் பரிசோதனையும் இதய ஸ்கேனும் அதையே சொல்லின. இன்னும் தாமதித்திருந்தால் ஆள் கிடைத்திருக்க மாட்டார் என்றார்கள். வாரக்கணக்கில் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். கட்டிலுக்கடியில் செய்தித்தாள் விரித்து நான் படுத்துக் கிடந்தேன். வேலை போயிற்று. ஆள் பிழைத்தார். அந்தப் பல்லை ஆஸ்பத்திரியிலேயே பாதுகாப்பாக எடுத்தார்கள்.

உடம்பு தேறியதும் நன்றி சொல்ல அந்தக் கூடத்துக்குப் போனோம். டாக்டர் ஒரு குழந்தையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களை அடையாளம் கண்டு முகம் மலர்ந்தார். "அச்சா! டீக் ஹை நா?" என்று நலம் கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வரிசை அன்றும் வாசலைத் தாண்டியிருந்தது.

என் கணவரின் அந்த வால்வு பழையபடி ஆகவில்லை, ஆகவும் ஆகாது. ஆனால் இன்று அவர் "அசதியா இருக்கு" என்றால், நானும் எவ்வளவோ அசந்துபோயிருந்தாலும், அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எப்போதிலிருந்து என்று கேட்கிறேன்.