மூன்றாவது மாடியில் ஒருவர் இருந்தார்

இன்று காலை எங்கள் விஜயநகர் அடுக்ககத்தில் தீ விபத்துப் பயிற்சி. அலாரம் அடித்ததும் எல்லோரும் படிக்கட்டு வழியாக இறங்க வேண்டும். லிஃப்ட் பக்கமே போகக்கூடாது.

நானும் இறங்கினேன். பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் கணவரை மூன்றாவது மாடியில் விட்டுவிட்டுத்தான்.

கீழே பயிற்சியாளர் எல்லோரையும் பாராட்டினார். அவசரத்துக்கு ஒரு பையில் டார்ச்சும் தண்ணீரும் மாத்திரையும் வைத்துக்கொள்ளச் சொன்னார். "யாருக்காவது டவுட் இருக்கா?"

"நடக்க முடியாதவங்க மேல இருந்தா என்ன சார் பண்றது?" என்று கேட்டேன்.

"நாலு பேரு பெட்ஷீட்ல வெச்சு தூக்கிட்டு வரணும் மேடம். யார் யாருன்னு இப்பவே பேசி வெச்சுக்கோங்க."

திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் தெரிந்த முகங்கள்தான். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு மஞ்சுளா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது அக்கா, சும்மா டென்ஷன் பேடா, வேணாம்" என்று தன் கன்னடம் கலந்த தமிழில் சொன்னாள்.

மேலே வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாக்கு குழறும் அவருக்கு. நிதானமாகத்தான் பேசினார்.

"நெஜமாவே தீ புடிச்சா நீ எறங்கிடு. இந்த ரூம் கதவ மட்டும் நல்லா சாத்திட்டுப் போ. பொகை எனக்கு ஆகாது."

கஞ்சியை ஊட்டினேன்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் 'பயிற்சி அமோக வெற்றி' என்று கைதட்டல்கள் குவிகின்றன. நானும் ஒன்று தட்டிவிட்டேன்.

உங்கள் கட்டடத்தில் ஆளைத் தூக்க ஆள் இருந்தால் சொல்லுங்கள். வீடு காலியாக இருக்கிறதா என்று அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்.