ஆறு கோடு மருந்து

ஆரோக்கியம்மாளுக்குத் தசமப் புள்ளி என்றால் பயம். 1996இல் நர்சிங் பயிற்சியில், விடைத்தாளில் 0.5 என்று எழுத வேண்டிய இடத்தில் 5 என்று எழுதிவிட்டாள். "நெசத்துல போட்டிருந்தா இந்நேரம் பாடை கட்டியிருப்பாக" என்று ஆசிரியை வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றிலிருந்து அவள் புள்ளிவைத்துக் கணக்குப் போடுவதே இல்லை. எந்த மருந்தானாலும் சிரிஞ்சில் எத்தனை கோடு என்று மனப்பாடம் செய்துகொள்வாள்.

ஒவ்வாமை முற்றி மூச்சடைக்கும்போது போடும் அட்ரினலினுக்கும் அப்படித்தான். ஒரு ஆம்பூலில் ஒரு மில்லி. எடையில் கிலோ ஒன்றுக்கு அதில் நூறில் ஒரு பங்கு. பெரியவர்களானால் அரை மில்லிக்கு மேல் கூடாது. அவசரப் பெட்டியில் இருந்த இன்சுலின் சிரிஞ்சில் ஒரு மில்லிக்கு நாற்பது கோடு. அந்தக் கணக்கில் பெரியவருக்கு இருபது கோடு, பதினைந்து கிலோக் குழந்தைக்கு ஆறு. உத்தமபாளையத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த அந்தத் துணை சுகாதார நிலையத்தில் இருபத்தைந்து வருடமாக இருக்கிறாள். இந்த ஊசியைப் போட வேண்டி வந்தது நான்கு தடவை. நான்கிலும் கோடு பிசகவில்லை.

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் கர்ணனும் அவன் மனைவி மகாலட்சுமியும் இறங்கினார்கள். மகாலட்சுமியின் தோளில் ஐந்து வயது மகள் ஓவியா. பந்தலில் கூடு கட்டியிருந்த கதண்டுக் குளவிகள் அப்பனையும் மகளையும் கொட்டியிருந்தன.

"பிள்ளையப் பந்தலுக்குள்ள கூட்டிட்டுப் போகாதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், நர்ஸம்மா. இந்த மனுசன் கேட்டாத்தான?"

"என்னைய அப்புறம் வையி. அவளுக்கு இழுக்குது பாரு." கர்ணனின் உதடு தடித்துப் பேச்சுக் குழறியது.

ஓவியாவின் உடம்பெல்லாம் தடிப்பு. மூச்சு விசிலடித்தது. ஆட்டோக்காரரை 108க்குப் போன் போடச் சொல்லிவிட்டு ஆரோக்கியம்மாள் பெட்டியைத் திறந்தாள்.

"எத்தன கிலோ இருப்பா?"

"போன வாரம் பழம் நிறுக்கிற தராசுல ஏறி நின்னா. பதினஞ்சு."

ஆறு கோடு இழுத்தாள். நீள ஊசி மாட்டி, தொடையின் வெளிப்பக்கத்தில் போட்டாள். மணி 11.13. அடுத்து கர்ணனுக்காகப் புது சிரிஞ்சு எடுத்து, அதே ஆம்பூலிலிருந்து இருபது கோடு இழுத்தாள்.

இழுத்தவள் அப்படியே நின்றாள். ஆறும் இருபதும் போனால் ஆம்பூலில் பாதிக்கும் குறைவாகத்தான் மிஞ்ச வேண்டும். முக்கால்வாசி அப்படியே கிடந்தது.

சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கழற்றி வைத்த மூடி ஆரஞ்சு நிறம். அவள் பழகியதெல்லாம் சிவப்பு மூடி. இது போன மாதம் புதிதாக வந்தது. ஒரு மில்லிக்கு நூறு கோடு. எண்ணி வாங்கிப் பெட்டியில் வைத்தவளும் அவளேதான்.

ஆறு கோடு என்றால் பிள்ளைக்குப் போனது 0.06. போக வேண்டியது 0.15. பாதிகூடப் போகவில்லை. இனி புள்ளிக்குப் பயந்தால் ஆகாது. எழுதிப் பார்த்தாள். பதினைந்தில் ஆறு போக ஒன்பது. மறுபடி ஒருமுறை எழுதினாள். அதற்குள் ஓவியாவின் உதடு நீலம் பாய ஆரம்பித்திருந்தது.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்குப் போன் போட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"பாக்கி ஒம்பதையும் இப்பவே போடுங்க. அஞ்சு நிமிசம் பாருங்க. தெளியலைன்னா முழு டோஸ், பதினஞ்சு கோடு. பெரியவருக்கு அம்பது."

11.17க்குப் புது சிரிஞ்சில் பிள்ளைக்கு ஒன்பது கோடு. கர்ணனுக்கென்று இருபது கோடு இழுத்து வைத்திருந்த சிரிஞ்சில் ஐம்பது வரை இழுத்து அவனுக்கு.

"எதுக்கு நர்ஸம்மா மறுக்கா ஒரு ஊசி?" என்றாள் மகாலட்சுமி.

"மொதல்ல கொறச்சுப் போட்டுட்டேன், ஆத்தா. என் தப்பு."

மகாலட்சுமி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு குனிந்து மகளின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரம் 11.18, 11.19 என்று நகர்ந்தது. 11.20க்கு விசில் சத்தம் தணிந்தது. 11.21க்கு ஓவியா வீறிட்டு அழுதாள். "அழட்டும், அழட்டும்" என்று கர்ணன் குழறினான்.

108 வந்தபோது 11.34. உடன் வந்த பணியாளர் ஆரோக்கியம்மாள் எழுதிவைத்திருந்த சீட்டை வாங்கிப் படித்தார். முதல் டோஸ் 0.06, தவறான அளவு, 11.13. மீதி 0.09, 11.17.

"இதையெல்லாம் எதுக்குக்கா எழுதுறீக? மொத்தமா 0.15ன்னு போட்டா ஒருத்தரும் கேக்கப்போறதில்ல."

"வழியில மறுபடி இழுத்துச்சுன்னா? கடைசியா எப்ப, எவ்வளவு போச்சுன்னு தெரியாம என்னத்தப் போடுவீக? அப்படியே கொண்டுபோய்க் குடுங்க."

வண்டி தேனிப் பக்கம் திரும்பியது. ஆரோக்கியம்மாள் உட்காரவில்லை. இதே ஆரஞ்சு மூடி சிரிஞ்சு போன மாதம் இன்னும் ஆறு துணை நிலையங்களுக்குப் போயிருந்தது. பக்கத்து ஊர் நர்ஸ் எஸ்தரின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.