உதடில்லாத பொம்மைகள்

அக்கா பொம்மைப் படம் எடுத்ததை நினைத்தாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது சைக்கிள் கம்பிகள்தான். பொம்மையின் துணிக் கைகளில் அவற்றைச் செருகிக் கீழே உட்கார்ந்து ஆட்டுவோம். குடும்பத்தோடு பார்க்கிற படம். ஆட்டுவதும் குரல் கொடுப்பதும் எங்கள் வீட்டு ஆட்களே. நகரியில் எங்கள் பவர்லூம் கொட்டகையின் ஒரு மூலையில் படப்பிடிப்பு. கரண்ட் இருந்தால் தறிச் சத்தத்தில் வசனம் பதிவாகாது. கரண்ட் போனால் சத்தம் நிற்கும், கூடவே விளக்கும் அணையும். அதனால் படத்தைக் கரண்ட் இருக்கும்போது எடுத்தோம், குரலைக் கரண்ட் போனபோது பதிந்தோம். இப்படியும் ஒரு கூத்து!

அக்காவுக்கு ஒரே பிடிவாதம். தறிச் சத்தத்திலேயே காது போய்விட்ட எங்கள் அப்பா, நைனா, இந்தப் படத்தை முழுசாகப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். காது போனபின் அவர் தியேட்டர் பக்கமே போனதில்லை. ஆனால் எதிரே யார் பேசினாலும் உதட்டைப் பார்த்தே பிடித்துவிடுவார். அந்தத் தைரியத்தில்தான் நாங்கள் கோட்டை விட்டோம். முடித்த படத்தைப் போட்டுக் காட்டியபோது கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து, "இன்னாம்மா, எல்லாம் சும்மா வாயத் தொறந்து தொறந்து மூடிக்கினு கீது. ஒண்ணும் புரியல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். துணி வாய்க்கு உதடு ஏது? எங்கள் யாருக்கும் அது தோன்றவே இல்லை.

அக்கா அழவில்லை. மறுநாள் காலையில் கம்பிகளை எல்லாம் உருவி எறிந்தாள். திருப்பதியில் படம் காட்ட நாள் குறித்தாகிவிட்டது, உனக்கென்ன பைத்தியமா என்று கத்தினேன்.

"தறிகிட்ட நாம எப்பிடிப் பேசிக்கிறோம்? கையாலதான? பொம்மையும் அப்பிடியே பேசட்டும்" என்றாள்.

உண்மைதான். ஓடும் தறிகளுக்கு நடுவில் நூல் அறுந்தது, டீ வந்தது, சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், எல்லாமே எங்களுக்குக் கைச்சாடைதான். ஆனால் கம்பிக் கைக்கு விரல் மடங்காது. ஆகவே அக்கா பொம்மையின் தலையை ஆட்ட, நான் அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு பொம்மையின் சட்டைக்குள் என் கைகளை விட்டுச் சாடை காட்டினேன். அவள் முழங்கை என் மூக்கில் இடிக்காத நாளே இல்லை. விரல் கொஞ்சம் பிசகினாலும் மறுபடி எடு என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் முழுப் படத்தையும் அப்படியே திரும்ப எடுத்து முடித்தோம்.

திருப்பதி அரங்கத்தில் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் நைனா உட்கார்ந்தார். அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. ஓரமாக நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் தாய்ப் பொம்மை, கோபித்துக்கொண்ட மகளைப் பார்த்து ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோனது. மகள் பொம்மை முகத்தைத் திருப்பிக் கையை உதறியது. அரங்கத்திலிருந்த பிள்ளைகள் சிரிப்பதற்கு முன்பே நைனா சிரித்துவிட்டார். அம்மாவின் தோளைத் தட்டி, கொட்டகையில் பேசும் அதே உரத்த குரலில் அவளுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தார்: "துன்னியான்னு கேக்கறா. வேணாமாம். பொண்ணுக்கு இன்னும் கோவம் தீரல."

பின்வரிசையிலிருந்து யாரோ உஷ் என்றார்கள். அவருக்கு அது கேட்கவா போகிறது? படம் முடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.