பிரித்தால் சம்மதம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓசூர் சிப்காட்டில் டை எனப்படும் இரும்பு அச்சுகள் செய்யும் ஒரு சிறிய பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். டிப்ளமோ முடித்த கையோடு வந்தவன். ஆறு மாதத்துக்குள் கம்ப்யூட்டரில் ஒரு டைக்கு நானே புரோகிராம் எழுதி, அதில் மிஷின் ஓடிவிட்டால் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் நாற்காலி எனக்கு. இல்லையென்றால் வெட்டிய இரும்பில் பிசிறு எடுக்கும் வேலை. முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்.

எங்களுக்கு இரண்டு ஷெட். ஒன்று இங்கே, மற்றது கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியில். இரண்டிலும் ஒவ்வொரு கம்ப்யூட்டர். பெங்களூரிலிருந்து வந்த விற்பனையாளர், புரோகிராம் எழுதும் ஒரே மென்பொருளை இரண்டு உறைகளில் வைத்துவிட்டுப் போனார். முதல் உறையில் இருந்தது இரண்டு கம்ப்யூட்டரிலும் நிரந்தரமாக ஏற்றிக்கொள்ளும் உரிமம், விலை அதிகம். மற்றதை எங்கே வேண்டுமானாலும் ஏற்றலாம், ஆனால் பூட்டு ஒன்றுதான். தீப்பெட்டி அளவிலான அந்தப் பூட்டை, பிரிண்டர் வயர் செருகும் இடத்தில் மாட்டியிருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும்தான் வேலை நடக்கும்.

"படிச்ச பையன், நீயே ரெண்டையும் பாத்துட்டு சனிக்கிழமை சொல்லுப்பா," என்றார் முதலாளி.

எனக்குச் சனிக்கிழமை வரை பொறுக்கவில்லை. உறையின் மேல் ஒரே வரிதான்: இதைப் பிரித்தால் உள்ளே உள்ள நிபந்தனைகளுக்குச் சம்மதித்ததாகப் பொருள். அந்த நிபந்தனைகளைப் படிக்க வேண்டுமானால் பிரிக்க வேண்டும்! எவன் யோசித்தான் இதை? இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. பூட்டு இருந்த உறையைக் கிழித்துவிட்டேன். உள்ளே நான்கு பக்கத்துக்கு ஆங்கிலம். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: திருப்பி வாங்க மாட்டார்கள், வேறு வகைக்கு மாற்றியும் தர மாட்டார்கள்.

விற்பனையாளருக்குப் போன் போட்டேன். "ஒடச்சாச்சில்ல சார், அப்போ எடுத்தாச்சுன்னு அர்த்தம்," என்று வைத்துவிட்டார்.

முதலாளி திட்டவில்லை. "நீ எடுத்ததுதானே? நீயே கொண்டு போ, நீயே கொண்டு வா," என்றார்.

அப்புறம் என் பிழைப்பே அதுதான். டவுன் பஸ்ஸில் எல்லையோரம் ஜூஜூவாடி வரை, சோதனைச் சாவடியில் நிற்கும் லாரிகளைத் தாண்டி நடை, பிறகு கர்நாடக பஸ். சட்டைப் பையில் பூட்டு. என்னைக் கண்டதும் அந்த ஷெட் ஆபரேட்டர், "பீகா பந்த்து!" என்று கன்னடத்தில் கூவுவான், பூட்டு வந்தாச்சாம். "டீ சாப்பிடு குரு, அதுக்குள்ள முடிச்சிடறேன்," என்பான்; குரு என்றால் அவர்கள் பேச்சில் நண்பன். முடிக்க மாட்டான். திரும்பி வந்து மாட்டி, நான் ஒரு கோடு போட்டு இரண்டாவது கோடு போடுவதற்குள் பூட்டு வேண்டும் என்று அங்கிருந்து போன்.

"ஒரே இடத்துல எழுதி, ஃப்ளாப்பியில அனுப்பிக்கலாமே சார்?" என்று முதலாளியிடம் முதல் மாதமே கேட்டேன். "அவனும் கத்துக்கட்டும்பா," என்று தட்டிவிட்டார்.

ஐந்தாம் மாதம் அவசரமாக ஒரு டைக்கு ஆர்டர் வந்தது. "இத நான் பண்றேன் சார்," என்றேன்.

"அங்கதான் மிஷின் காலியா இருக்கு. பூட்டைக் குடுத்துட்டு வா."

பத்து நாள் பூட்டு அங்கேயே இருந்தது. அந்த ஆபரேட்டர் எழுதிய புரோகிராமில் டை முதல் தடவையிலேயே சரியாக வந்தது. அவனை ஓசூருக்கு மாற்றி அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இனி இரண்டு ஷெட்டுக்கும் அவனே இங்கிருந்து எழுதி ஃப்ளாப்பியில் அனுப்புவானாம்.

"மேனுவல் முழுக்கப் படிச்சது நான் சார். அவன் சந்தேகம் கேட்டதே என்கிட்டதான்," என்றேன்.

"இல்லேன்னு சொல்லலப்பா. ஆனா நீ எப்ப உக்காந்த? எப்பப் பாரு பஸ்லதானே இருந்த."

திங்கட்கிழமை கையில் ஓர் அரத்தைக் கொடுத்து, பிசிறு எடுக்கும் பெஞ்சுக்கு அனுப்பினார்கள். முதல் துண்டிலேயே விரல் கிழிந்தது.